பழைய வண்டியும் புதிய வாட்டர் பம்பும்



வட்டிக்குக் கடன் வாங்குவதில்லை என்று நாங்கள் இருவரும் முடிவெடுத்தது எங்கள் திருமணத்தின் முதல் ஆண்டில். அதற்கு ஒரு மாலைப் பொழுது போதுமானதாக இருந்தது. அல்பகறா அத்தியாயத்தின் 275ஆம் வசனத்தில் இறைவன் வணிகத்தை ஆகுமாக்கி வட்டியைத் தடுத்திருப்பதை நாம் அனைவரும் அறிவோம். அறிந்ததை ஏற்றுக்கொள்வதில் எங்களுக்குத் தயக்கம் இருக்கவில்லை. ஆனால் அந்த முடிவோடு வாழ்வதற்கு எத்தனை ஆண்டுகள், எத்தனை கைவேலைகள் தேவைப்படும் என்பதை அன்று நாங்கள் எண்ணிப் பார்த்திருக்கவில்லை. கனடாவில் வீட்டுக் கூரை முதல் கைபேசி வரை எல்லாமே மாதத் தவணையில் கிடைக்கும். தவணை வேண்டாம் என்று சொல்லும் குடும்பம், தன்னிடம் இருக்கும் பொருளை நீண்ட நாள் ஓடவைக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2023ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் எங்களுக்கு இது ஒரு வாட்டர் பம்பின் வடிவில் வந்து சேர்ந்தது. அந்த அனுபவம் வேறு குடும்பங்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் எழுதுகிறோம்.

எங்கள் வீடு டொரண்டோவின் கிழக்கே ஸ்கார்பரோவில் இருக்கிறது. வண்டி 2007ஆம் ஆண்டு மினிவேன், 3.3 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். 2014இல் சேமிப்பிலிருந்து 6,500 டாலர் கொடுத்து, ஒருவருக்கும் கடன்படாமல் வாங்கினோம். அது இன்று 2 லட்சத்து 40 ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கதவுகளின் அடிப்பகுதியில் துரு ஏறியிருக்கிறது. குளிர்காலத்தில் சாலையில் கொட்டப்படும் உப்பு இந்த ஊர் வண்டிகள் எதையும் விட்டுவைப்பதில்லை.

அந்த வண்டியில் பயணம் செய்வோர் ஆறு பேர். நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், எங்களோடு வாழும் மூத்தவர். அவர் எங்களில் ஒருவருக்கு உம்மா, மற்றவருக்கு மாமி. சிறுநீரகம் செயலிழந்ததால் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்களும் அவருக்கு டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடமும், குனியாமல் ஏறி அமர உயரமும் உள்ள வண்டி எங்களிடம் அது ஒன்றுதான். ஆகவே, அந்த வண்டி ஓடுமா என்ற கேள்வி எங்கள் வீட்டில் வசதி பற்றிய கேள்வியாக இருக்கவில்லை.

தரையில் விழுந்த துளி

எதிர்வீட்டில் இத்தாலிய முதியவர் ஒருவர் இருக்கிறார். காலையும் மாலையும் நாயோடு நடப்பவர். ஒரு புதன்கிழமை மாலை அவர் எங்கள் வாசலில் நின்று, நாயின் கயிற்றை இறுக்கிப் பிடித்தபடி தரையைக் காட்டினார். வண்டியின் முன் வலது சக்கரத்தின் உட்புறத்துக்கு நேர் கீழே, உள்ளங்கை அளவில் ஆரஞ்சு நிற ஈரம். நாய் அதை முகரப் போயிருக்கிறது.

அது கூலன்ட். எஞ்சினின் வெப்பத்தைச் சுமந்து சென்று ரேடியேட்டரில் இறக்கிவைக்கும் திரவம். அதன் பெரும்பகுதி எத்திலீன் கிளைக்கால் என்னும் வேதிப்பொருள். இனிப்புச் சுவை கொண்டது, கொடிய நஞ்சு. சிறிதளவு நக்கினாலும் நாய், பூனை ஆகியவற்றின் சிறுநீரகங்கள் அழிந்துவிடும். குழந்தைகளுக்கும் அதே ஆபத்து உண்டு. சிறுநீரகம் பழுதானால் என்ன ஆகும் என்பதை அறிய எங்கள் வீட்டில் எவரும் புத்தகம் படிக்க வேண்டியதில்லை.

பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவதும் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்பித்ததை நாம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் சொல்லிக்கொடுக்கிறோம். பெரும்பாலும் முள்ளையும் கல்லையும் உதாரணம் காட்டுவோம். எங்கள் வண்டி பாதையில் சொட்டியதும் அத்தகைய ஒரு தொல்லைதான். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியிட்ட பெண்ணின் நிலையையும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவரின் நற்பேற்றையும் கேட்டு வளர்ந்த நாம், அண்டைவீட்டு நாய் விஷயத்தில் அலட்சியமாக இருக்க முடியாது. அன்றிரவே பூனைகளின் கழிவுப் பெட்டிக்குப் பயன்படும் களிமண் துகளைத் தூவி ஈரத்தை உறிஞ்சவிட்டு, கூட்டி அள்ளி உறையில் கட்டினோம். சொட்டும் இடத்தில் ஒரு தட்டை வைத்து, அதன்மேல் கம்பி வலையைப் போட்டு மூடினோம்.

பம்பு தன் குறையைச் சொல்லும் விதம்

வாட்டர் பம்பு எளிய கருவி. வெளியே ஒரு புல்லி, அதைச் சுற்றிப் பெல்ட். புல்லி சுழலும்போது நடுவிலுள்ள தண்டு சுழல்கிறது. தண்டின் மறுமுனையிலுள்ள இம்பெல்லர் கூலன்டைத் தள்ளுகிறது. தண்டு தள்ளாடாமல் சுழல ஒரு பேரிங்; கூலன்ட் பேரிங்கை அடையாமல் தடுக்க ஒரு சீல். ஆண்டுக்கணக்கில் சுழன்றபின் சீல் தேய்கிறது.

இங்கே வடிவமைத்தவர்கள் ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சீலுக்கும் பேரிங்குக்கும் இடையில் பம்பின் உடலில் சிறிய கசிவுத் துளை ஒன்று உண்டு. சீல் தேய்ந்து கூலன்ட் கசிந்தால், அது உள்ளேயே தேங்கிப் பேரிங்கை அரிக்காமல் இந்தத் துளை வழியாக வெளியே சொட்டும். பார்ப்பவருக்கு அது எச்சரிக்கை. கசிந்து காய்ந்த இடத்தில் உப்புப் பூத்தது போன்ற தடம் இருக்கும். டார்ச் வெளிச்சத்தில் அதைக் கண்டோம். புல்லியைக் கையால் அசைத்தபோது மெல்லிய ஆட்டமும் தெரிந்தது. அதற்குப் பொருள், பேரிங்கும் தேய்ந்துகொண்டிருக்கிறது என்பதே.

இத்துளையை எதையாவது கொண்டு அடைத்துவிடலாமே என்று சிலர் கேட்பதுண்டு. அடைத்தால் சொட்டு நிற்கும், பழுது நிற்காது. பேரிங் இறுகினால் பெல்ட் அறுந்து போகலாம். கூலன்ட் குறைந்து எஞ்சின் கொதித்தால், அலுமினியத்தால் ஆன சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட் போய்விடும். பதினாறு வயது வண்டிக்கு அந்தச் செலவு செய்வதில் பொருளில்லை, வண்டியே முடிந்துவிடும். அதுவும் உம்மாவை ஏற்றிக்கொண்டு 401ஆம் நெடுஞ்சாலையில் போகும்போது நேர்ந்தால் என்னாவது?

மூன்று வழிகள்

எங்கள் முன் மூன்று வழிகள் இருந்தன.

முதலாவது, பணிமனையில் விடுவது. கேட்டபோது பம்பு, பெல்ட், கூலன்ட், கூலி, வரி எல்லாம் சேர்த்து 780 டாலர் என்றார்கள். நியாயமற்ற தொகை என்று சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாரம் வியாழக்கிழமைதான் நேரம் ஒதுக்க முடியும் என்றார்கள். அதற்குள் மூன்று டயாலிசிஸ் நாட்கள் கடந்துவிடும்.

இரண்டாவது, வேறு வண்டி வாங்குவது. விற்பனை நிலையத்தில் மரியாதையாகவே பேசினார்கள். 32,000 டாலர் விலையுள்ள வண்டியை 7.99 சதவீத வட்டியில் 84 மாதத் தவணையாக எடுத்தால் மாதம் ஏறத்தாழ 499 டாலர். வீட்டுக்கு வந்து காகிதத்தில் கணக்குப் போட்டோம். ஏழு ஆண்டு முடிவில் 41,900 டாலர் அளவில் கட்டியிருப்போம். வட்டி மட்டும் 9,900 டாலருக்கு அருகில். அந்த எண்ணைப் பார்த்து எங்கள் மனம் உறுதிப்பட்டது என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. வட்டி வெறும் 100 டாலராக இருந்திருந்தாலும் எங்கள் பதில் அதுவேயாக இருந்திருக்க வேண்டும். ஆனாலும் எண் உதவியது என்பதை மறைக்க விரும்பவில்லை.

மூன்றாவது, நாங்களே வீட்டில் மாற்றுவது. பம்பு 68 டாலர், பெல்ட் 42, கூலன்ட் இரண்டு குடுவை 56, காய்ச்சி வடித்த நீர் 6, கையுறையும் துரு இளக்கும் எண்ணெயும் 15. மொத்தம் 187 டாலர்.

எங்களுக்குள் கருத்து வேறுபாடு எழுந்தது இந்த இடத்தில்தான். எங்களில் ஒருவர் இதற்கு முன் எஞ்சின் எண்ணெயும் பிரேக் பேடும் மாற்றியவர். தம்மால் இயலும் என்று நம்பினார். மற்றவர் ஒரே ஒரு கேள்வியை வைத்தார்: “593 டாலரை மிச்சப்படுத்துவதற்காக மாமியின் திங்கட்கிழமையைப் பணயம் வைக்கலாமா?” வட்டியைத் தவிர்ப்பது எங்கள் கடமை, அதன் சுமை எங்கள் தோளில் விழ வேண்டும். நோயாளியான ஒருவர்மீது அது விழுவதை மார்க்கம் கேட்கிறதா? அன்றிரவு இந்தக் கேள்விக்கு எளிய பதில் கிடைக்கவில்லை.

இறுதியில் நிபந்தனைகளோடு ஒப்புக்கொண்டோம். சனிக்கிழமை காலை தொடங்க வேண்டும். ஞாயிறு லுஹருக்குள் எஞ்சின் ஓடவில்லை என்றால் மேற்கொண்டு முயலாமல் வண்டியைப் பணிமனைக்கு இழுத்துச் செல்ல வேண்டும். அதற்கான பணத்தை முன்கூட்டியே தனியே எடுத்துவைக்க வேண்டும். திங்கட்கிழமைக்கு வேறொரு வண்டி தயாராக இருக்க வேண்டும். பள்ளிவாசலில் பழகிய நண்பர் ஒருவர் அதற்கு உடனே ஒப்புக்கொண்டார். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பது என்று நாம் அடிக்கடி சொல்கிறோம். கட்டும் கயிறு எது என்பதை உட்கார்ந்து எழுதியபோதுதான் எங்களுக்குள் இருந்த பிணக்கு தீர்ந்தது.

சனிக்கிழமை

எங்கள் ஜமாஅத்தில் மூத்த காக்கா ஒருவர் இருக்கிறார். ஜித்தாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வாகனப் பணிமனையில் உழைத்தவர். முழங்கால் வலியால் இப்போது குனிய முடியாது. விஷயத்தைச் சொன்னதும், “எனக்கு ஒரு நாற்காலி மட்டும் போடுங்க, நான் வாயால வேலை பார்க்கிறேன்” என்று வந்துவிட்டார். எதிர்வீட்டு முதியவர் தம்முடைய இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளையும் டார்க் ரெஞ்சையும் கொண்டுவந்து, எதுவும் பேசாமல் வாசலில் வைத்துவிட்டுப் போனார்.

எஞ்சின் இரவு முழுவதும் ஆறியிருந்தது. சூடான எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர் முகத்தில் பீறிடும். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றினோம். பின்சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, சமதளத்தில் ஜாக்கியால் முன்பக்கத்தை உயர்த்தி, ஜாக் ஸ்டாண்டுகளின்மேல் அமர்த்தினோம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ் தலையை நீட்டக் கூடாது என்பதை இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். வண்டியைத் தோளால் உந்திப் பார்த்து, அசையவில்லை என்று காக்கா தலையசைத்த பிறகே வேலை தொடங்கியது.

ரேடியேட்டரின் அடியிலுள்ள திருகைத் திறந்து பழைய கூலன்டை அகலமான தட்டில் வடித்தோம். வடித்ததை உடனுக்குடன் மூடியுள்ள குடுவைகளில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, சின்னவன் எட்டாத இடத்தில் வைத்தோம். வலது முன்சக்கரத்தையும் அதன் உட்புறமுள்ள பிளாஸ்டிக் மறைப்பையும் கழற்றியதும் பம்பு நேரெதிரே தெரிந்தது. இந்த எஞ்சினில் பம்பை ஓட்டுவது வெளியே இருக்கும் பெல்ட். டைமிங் பெல்ட்டால் பம்பு ஓடும் எஞ்சின்களும் பல மினிவேன்களில் உண்டு. அவற்றில் இவ்வேலை மிகப் பெரியது. பழகாதவர் வீட்டில் தொடக்கூடாதது. எனவே எவரும் தம் வண்டி எந்த வகை என்று அதற்குரிய பழுதுபார்ப்பு நூலில் பார்க்காமல் ஸ்பேனரை எடுக்க வேண்டாம்.

எங்களில் ஒருவர் வண்டியின் அருகில் கையுறையோடு. மற்றவர் பழுதுபார்ப்பு நூலை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாக உரக்க வாசித்தார். பன்னிரண்டு வயது மகள் டார்ச் பிடித்தாள். பெல்ட் எந்தப் புல்லியின் மேலும் எதன் கீழும் போகிறது என்று படம் வரைந்து வைத்ததும் அவளே. ஒன்பது வயது மகன் கழற்றிய போல்ட்டுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாக அடுக்கினான். சின்னவன் உம்மாவோடு ஜன்னலருகில் அமர்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பெல்ட்டைக் கழற்றுறதுக்கு முன்னாடியே புல்லி போல்ட்டைத் தளர்த்திடு தம்பி. பெல்ட் பிடிச்சிருக்கும்போதுதான் புல்லி சுத்தாம நிக்கும்” என்றார் காக்கா. எங்களிடம் இருந்த நூலில் இந்த வரி இருக்கவில்லை. மூன்று போல்ட்டுகளும் இளகின. டென்ஷனரை ஸ்பேனரால் திருப்பிப் பெல்ட்டை விடுவித்தோம். பிறகு நூல் சொன்ன ஒரு நுட்பம்: இந்த வண்டியில் புல்லியை நேரே வெளியே எடுக்க இடமில்லை. அதைச் சுழற்றி, அதன் திறப்புகள் பம்பின் அச்சுக் கைகளோடு பொருந்தும்படி செய்து, உள்நோக்கித் தள்ளி, பம்பின் உடலுக்கும் அச்சுக்கும் நடுவே தளர்வாகத் தொங்கவிட வேண்டும். பம்பும் புல்லியும் சேர்ந்தே வெளிவரும்.

பம்பைப் பிடித்திருந்தவை ஐந்து போல்ட்டுகள். நான்கு வந்தன. ஐந்தாவது வரவில்லை.

அந்த ஐந்தாவது போல்ட்டில்தான் எங்கள் திட்டம் முழுவதும் தொங்கிக்கொண்டிருந்தது. பலம் கொடுத்துத் திருப்பினால் தலை முறிந்து, தண்டு உள்ளேயே தங்கிவிடும். துளையிட்டு எடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை லுஹரும் தாண்டிவிடும். காக்கா நாற்காலியை முன்னே நகர்த்தினார். “துருப்பிடிச்ச போல்ட்டோட மல்லுக்கு நிக்கக் கூடாது. எண்ணெயை விடு, சுத்தியலால மெதுவா நாலு தட்டுத் தட்டு. அஸர் தொழுதுட்டு வா. அது எங்கேயும் போயிடாது.”

உளூச் செய்யப் போனபோது இன்னொரு வேலை காத்திருந்தது. கையுறையைத் தாண்டி மணிக்கட்டில் கிரீஸ் ஏறியிருந்தது. தோலில் நீர் படுவதைத் தடுக்கும் படலம் இருந்தால் உளூ நிறைவேறாது; படலம் நீங்கி நிறம் மட்டும் எஞ்சினால் பாதகமில்லை என்பதை நாம் சிறுவயதில் படித்திருக்கிறோம். சர்க்கரையும் பாத்திரம் கழுவும் சோப்பும் கலந்து தேய்த்தால் கிரீஸ் கழன்றுவிடும். நகக்கண்கள் வரை தேய்த்துக் கழுவ ஐந்து நிமிடம் பிடித்தது. போல்ட்டில் எண்ணெய் ஊறுவதற்கும் அந்த நேரம் பயன்பட்டது.

தொழுதுவிட்டு வந்து, காக்கா சொன்னபடி முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை திருப்பி, பின்பு தளர்த்தும் திசையில் திருப்பினோம். அசையவில்லை. மீண்டும் எண்ணெய், மீண்டும் தட்டு, மீண்டும் காத்திருப்பு. மூன்றாம் முறை மெல்லிய முனகலோடு அது நகர்ந்தது. எங்கள் மகன் “அல்ஹம்துலில்லாஹ்” என்று கத்தியது தெருமுனை வரை கேட்டிருக்கும். பம்பு கையோடு வந்தது; மிச்சமிருந்த கூலன்ட் தட்டில் கொட்டியது.

பழைய பம்பு உட்கார்ந்திருந்த பரப்பைக் கீறல் விழாமல் துடைத்தோம். புதிய பம்பின் பள்ளத்தில் புதிய ஓ-ரிங்கை அமர்த்தி, புல்லியை முன்போலவே இடையில் வைத்துப் பொருத்தினோம். ஐந்து போல்ட்டுகளுக்கும் 12 நியூட்டன் மீட்டர், புல்லியின் மூன்றுக்கும் 28 நியூட்டன் மீட்டர் என்று நூல் அளவு குறித்திருந்தது. 12 என்பது மிகச் சிறிய விசை. பலசாலியின் கை தன்னை அறியாமல் அதை இருமடங்காக்கிவிடும். போல்ட் ஏறும் பகுதி அலுமினியம் என்பதால் மரை கெட்டுவிடும். டார்க் ரெஞ்ச் தேவைப்படுவது இதற்காகத்தான். புல்லியின் போல்ட்டுகளைக் கையால் மட்டும் ஏற்றி, மகளின் படத்தைப் பார்த்துப் பெல்ட்டை மாட்டிய பின்னரே அவற்றை அந்த அளவுக்கு இறுக்கினோம். அப்போது மஃரிபுக்கு இன்னும் சிறிது நேரமே இருந்தது. இருட்டில் வேலை செய்வதில்லை என்று நிறுத்திக்கொண்டோம்.

ஞாயிறும் திங்களும்

ஞாயிறு காலை மறைப்பையும் சக்கரத்தையும் பொருத்தி, வண்டியைத் தரையில் இறக்கிச் சக்கர நட்டுகளை இறுக்கினோம். பிறகு கூலன்டையும் காய்ச்சி வடித்த நீரையும் சரிபாதியாகக் கலந்து நிரப்பினோம். இக்கலவை ஏறத்தாழ மைனஸ் 37 டிகிரி செல்சியஸ் வரை உறையாது. கனடாவின் குளிருக்கு அது அவசியம். வெறும் நீரை ஊற்றினால் அது உறைந்து விரிந்து எஞ்சினையே பிளந்துவிடும். குழாய்நீரில் உள்ள தாதுக்கள் உள்ளே படியும் என்பதால் வடித்த நீர். கூலன்டில் பல வகைகள் உண்டு. நிறத்தைப் பார்த்து வாங்காமல் வண்டியின் கையேடு குறிப்பிடும் வகையையே வாங்க வேண்டும்; வேறு வகைகளோடு கலக்கக் கூடாது.

பேட்டரியை இணைத்து எஞ்சினை ஓடவிட்டு, ஹீட்டரை முழு அளவில் வைத்து, உள்ளே அடைபட்ட காற்று வெளியேறும்வரை காத்திருந்தோம். மட்டம் இறங்க இறங்க நிரப்பினோம். வெப்பமானியின் முள் நடுவில் வந்து நின்றது. ஹீட்டரிலிருந்து நல்ல சூடான காற்று வந்தபோது, உள்ளே காற்று தங்கவில்லை என்று காக்கா உறுதி சொன்னார். பம்பின் அடியில் வெள்ளைத் தாளை விரித்துவைத்தோம். ஒரு மணி நேரம் கழித்தும் தாள் காய்ந்தே இருந்தது. அக்கம்பக்கத் தெருக்களில் இருபது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து மீண்டும் பார்த்தோம், கசிவில்லை. எஞ்சின் ஆறியபின் மட்டத்தைச் சரிபார்த்து, சக்கர நட்டுகளை மீண்டும் ஒருமுறை டார்க் ரெஞ்சால் இறுக்கினோம். லுஹருக்கு இன்னும் அரைமணி இருந்தது.

ஆயினும், திங்கட்கிழமை உம்மாவை நண்பரின் வண்டியிலேயே அனுப்பினோம். கேள்வி எழுப்பியவரின் நிபந்தனை அது. எங்கள் மினிவேன் வெற்றாகப் பின்னால் சென்றது, போக வர ஐம்பது கிலோமீட்டர். புதன்கிழமை உம்மா அதில் ஏறி அமர்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி, “ஏன், நீங்க செஞ்ச வேலையில உங்களுக்கே நம்பிக்கை இல்லையா?” என்று சிரித்தார்.

பழைய கூலன்டைச் சாக்கடையிலோ மழைநீர் வடிகாலிலோ ஊற்றக் கூடாது. டொரண்டோ மாநகராட்சியின் கழிவு ஒப்படைப்பு நிலையங்களில் வீட்டு அபாயக் கழிவுகளைப் பெற்றுக்கொள்கிறார்கள். அடுத்த சனிக்கிழமை குடுவைகளையும், களிமண் துகள் கட்டிய உறையையும் அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தோம். எங்களைப் பொறுத்தவரை அன்றுதான் வேலை முடிந்தது.

இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டவை

வாகனக் கடன் வாங்கிய குடும்பங்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஒவ்வொருவருடைய நிலையும் வேறு. தம் சூழலுக்குரிய தீர்ப்பை ஆலிம்களிடம் கேட்டறிவதே முறை. வட்டியில்லாமல் தவணையில் வாங்கும் ஏற்பாடுகள் பற்றியும் அவர்களிடமே விசாரிக்கலாம். பழைய வண்டி என்றைக்கும் மலிவானது என்றும் சொல்ல மாட்டோம். துரு அடிச்சட்டத்தை எட்டும் நாளில் இந்த வண்டியை விட்டுவிடத்தான் வேண்டும். அந்த நாளுக்காக மாதம் 250 டாலரைத் தனிக் கணக்கில் ஒதுக்கிவருகிறோம். மிச்சமான 593 டாலரும் அதிலேயே சேர்ந்தது. வண்டியை விற்க நேர்ந்தால், எது மாற்றப்பட்டது, எது இன்னும் பழுதாக இருக்கிறது என்று வாங்குபவரிடம் காட்ட ஒரு குறிப்பேடும் வைத்திருக்கிறோம். ஈரமான தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்தவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி, பழைய வண்டி விற்பவருக்கும் உரியது.

வட்டியின்றி வாழ்வது தனிக் குடும்பத்தின் மன உறுதியால் மட்டும் நடக்கிற காரியமில்லை என்பது அந்த இரண்டு நாட்களில் எங்களுக்குத் தெளிவாகியது. ஒருவரின் அனுபவம், ஒருவரின் கருவிகள், ஒருவரின் மாற்று வண்டி ஆகிய மூன்றும் இல்லாமல் எங்கள் 187 டாலரால் எதுவும் ஆகியிருக்காது. அவற்றுள் ஒன்றைத் தந்தவர் நம் மார்க்கத்தவர்கூட இல்லை, அண்டைவீட்டார். நாம் மிம்பரிலிருந்து வட்டியின் தீமையைக் கேட்கிறோம். கேட்டுவிட்டு வீடு திரும்பும் இளம் குடும்பத்துக்கு, பழுதான பொருளைச் சரிசெய்ய ஒரு கை தேவைப்படுகிறது. அந்தக் கை கிடைக்காவிட்டால், கடன்தான் எளிய வழியாகத் தெரியும்.

ஆகவே, மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு கருவிப் பெட்டியை வாங்கியிருக்கிறோம். ஜாக்கி ஒன்று, ஜாக் ஸ்டாண்ட் நான்கு, டார்க் ரெஞ்ச் ஒன்று, சாக்கெட் வரிசை ஒன்று. எங்கள் வீட்டுக் கேரேஜில் இருக்கிறது. இரவல் பெறுவோருக்கு விதிகள் இரண்டே: துடைத்துத் திருப்பித் தர வேண்டும், வண்டியின் கீழ் வேலை செய்யும்போது உடன் ஒருவர் இருக்க வேண்டும். மாதத்தில் ஒரு சனிக்கிழமை காக்கா நாற்காலியில் அமர்ந்து, கேட்க வருவோரின் சந்தேகங்களுக்குப் பதில் சொல்கிறார். சென்ற மாதம் இரண்டு சகோதரிகள் தங்கள் வண்டியின் எண்ணெயைத் தாங்களே மாற்றிச் சென்றார்கள். எங்கள் பின்சக்கரத்திலிருந்தும் இப்போது ஒரு புதிய சத்தம் கேட்கிறது; அடுத்த சனிக்கிழமை வரிசையில் முதலில் நிற்பவர்கள் நாங்களாக இருப்போம்.

உங்கள் ஊர்ப் பள்ளிவாசலிலும் இப்படிக் கைத்தொழில் அறிந்த மூத்தவர் ஒருவர் பின்வரிசையில் அமைதியாக உட்கார்ந்திருக்கக்கூடும். அடுத்த ஜும்ஆவில் அவரிடம் ஸலாம் சொல்லிப் பேச்சுக் கொடுங்கள். அல்லாஹ் நம் உழைப்பிலும் உடைமைகளிலும் பரக்கத் செய்வானாக, ஆமீன்.